ஏரலுக்கு ஒன்றரை மணி நேரம்

நவ. 10, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. பி.பி. மாத்திரை இரண்டு அட்டை வாங்க வேண்டும்.

மாலை ஏரலிலிருந்து அக்கா மகன் முருகேசன் போன். அக்காவுக்கு மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லையாம். "டாக்டரு, இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டாவ மாமா. அம்மா ஒங்களையே கேட்டுக்கிட்டுக் கெடக்கா."

நான் போய் மூன்று வருடம். கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்: ரொம்பத் தூரம்க்கா, முட்டி வலி, ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார முடியாது.

நவ. 11, செவ்வாய்

மழை. ரயிலில் இடமில்லை. கோவையில் இருக்கும் மகள் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டாள். நாளை காலை. "ஒன்றரை மணி நேரந்தான்பா."

நம்பிக்கை வரவில்லை. பழைய அட்லாசை எடுத்து, வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல நூல் வைத்து அளந்தேன். சென்னை–தூத்துக்குடி நேர்கோட்டில் ஏறத்தாழ ஐந்நூற்று முப்பது கி.மீ. மகள் சொன்னது சரிதான். ஆவடியில் பஸ் ஏறிப் பாரிமுனையில் இறங்குகிற நேரம். இத்தனை வருடம் இந்த நூலை ஏன் வைத்துப் பார்க்கவில்லை?

மனைவி சரோஜா என் பைக்குள் புதுப் புடவை வைத்தாள். பச்சை, அரக்குக் கரை. எதற்கு என்று கேட்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போர்த்தாமல் எங்கள் பக்கத்தில் பெண்ணைத் தூக்கமாட்டார்கள். பிறந்த வீடென்று மிச்சம் நான் ஒருவன். எடுத்து வெளியே வைத்தேன்.

"உயிரோட இருக்கிறவளுக்கா?"

"கடை திறந்திருக்கிற நேரமாப் பாத்தா நடக்கும்? அங்க போய் நீங்க அலையாதீங்க."

திரும்ப வைத்தாள். நான் மறுபடி எடுக்கவில்லை.

நவ. 12, புதன். விமான நிலையம்

பத்து மணி விமானத்துக்கு ஆறரைக்கே வண்டி ஏறினேன். திருமுல்லைவாயில் – அம்பத்தூர் – மதுரவாயல். எங்கும் தண்ணீர். ஓட்டுநர் சிரித்தார்: "பறக்க ஒன்ற அவுரு, அத்த புடிக்க ரெண்டவுரு. இன்னா சார் கணக்கு இது?" கணக்கு சரிதான் என்றேன்.

சோதனையில் குடைக்காகப் பையைத் திறக்கச் சொன்னார்கள். புடவை மேலாக இருந்தது. "புதுசா சார்? வீட்ல விசேஷமா?" என்று கேட்டது அங்கிருந்த பெண். தலையை ஆட்டினேன். புடவையை அடியில் தள்ளிப் பையை மூடினேன். ஒரு டீ.

மழையால் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். முருகேசனுக்குப் போன். எடுத்ததுமே "இருக்கா மாமா" என்றான்.

புதன், ஏரல். மாலை

இருக்கிறாள். பாதியாகிவிட்டாள். கை மட்டும் அதே சூடு.

பையைத் திறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏலே, வந்துட்டியா? சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"வர எம்புட்டு நேரம்ல ஆச்சு?"

அவள் வருத்தப்படக் கூடாது, அலைந்து வந்தேன் என்று தெரியக் கூடாது. அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன்.

"பிளேன்லக்கா. ஒன்றரை மணி நேரந்தான்."

கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள்.

"ஏலே, இம்புட்டுக் கிட்டக்கயா இருந்த?"