முதலாம் கியர் இப்போது விழுகிறது

ஹல்துமுல்லை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் றுஷாந்தனுக்கு,

அப்பா பிலிப்பு என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள். உன் மனைவி நிலுக்ஷிதான் இந்த மழைக்காலம் முழுவதும் என்னை உட்கார்த்திவைத்து எழுதப் படிக்கப் பழக்கினாள். இதை அவளே படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். போனில் பேசினால் உனக்கு வேலை அவசரம், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. கடிதத்தை நடுவில் நிறுத்த யாராலும் முடியாது, இல்லையா?

முதலில் அம்மா. கிழமைக்கு இரண்டு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இருட்டோடு புறப்பட்டால் பொழுது சாயத்தான் திரும்புகிறோம். போகும்போது பேசிக்கொண்டு வருவாள். வரும்போது கண்ணை மூடிவிடுவாள். எனக்கும் இடுப்பு விட்டுப்போகிறது.

காரை விற்கச் சொன்னாய். அதை வாங்க நீ பேசி வைத்த முஸ்தாக் ஞாயிற்றுக்கிழமை எடுக்க வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். கார் நீ உழைத்து வாங்கியது, உன் பெயரில் இருப்பது. கியர் விழாத காரில் அம்மாவை ஏற்றி மலை ஏறாதே என்று நீ கோபப்பட்டதும் சரிதான். போன கிழமை அப்புத்தளை ஏற்றத்தில் அப்படித்தான் ஆனது. வளைவில் முதலாம் கியர் கறகறவென்று கத்தியது, விழவில்லை. பின்னால் ஒரு லொறி. இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அன்று ஆஸ்பத்திரி முறை தவறிப்போய், அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கிடந்தாள்.

மெக்கானிக் ஸரூக் வரும்வரை ரோட்டோரம் காத்திருந்தோம். போகிற பஸ்களின் பலகைகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பண்டாரவளை, வெலிமடை, எல்லாம் வந்தது! சோப்பு விளம்பரத்தையும் விடவில்லை. "போதுங்க, ஊர்ல உள்ள எழுத்தெல்லாம் இன்னைக்கே தீந்துரும்" என்றாள். அந்தக் களைப்பிலும் சிரித்தாள்.

கார் சங்கதிக்கு வருகிறேன். அதற்கு முன்பே ஒரு கராஜில் கியர் எண்ணெய் மாற்றினார்கள். இன்னொன்றில் கிளச் கேபிள் மாற்றினார்கள். அங்கே ஓட்டிப் பார்த்தால் கியர் வழுக்கிக்கொண்டு விழும். மறுநாள் வீட்டிலிருந்து எடுத்தால் பழையபடி இறுகிவிடும். அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஸரூக் ரோட்டிலேயே தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். கிளச் பெடலுக்குப் பின்னாலிருந்து அவன் இழுத்து எடுத்தது, அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு!

காரின் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. என் கால் சில்லிடாமல் இருக்க அவள்தான் அதை மடித்து விரித்திருந்தாள். அது நகர்ந்து சுருண்டு, கிளச் முழுதாக அமுங்காமல் தடுத்திருக்கிறது. கராஜில் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலை பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா தூசி தட்டி மறுபடி விரிப்பாள்.

"ஐயா, இந்தப் படங்கால எத்தன கராஜ்காரன் பேரு கெட்டுப்போச்சு" என்று ஸரூக் சிரித்தான். அம்மாவின் முகம் வாடிவிட்டது. இவர் காலுக்காகத்தானே தம்பி போட்டேன் என்றாள். அவன் பதறிப்போய், உங்க மேல பிழையில்லம்மா, ஓட்டை மேலதான் பிழை என்றான். மறுநாளே வந்து ஓட்டையைத் தகடு வைத்து அடைத்துக் கொடுத்தான்.

இன்று பதுளை போய் வந்தோம். எல்லாக் கியரும் சத்தமில்லாமல் விழுந்தது. கியர் கத்தும்போதெல்லாம் திடுக்கிட்டு விழிப்பவள், இன்று தெமோதரையிலிருந்து வீடு வரை தூங்கினாள். காரை விற்றுவிட்டு ஆட்டோவில் போக அவளால் முடியாது மகனே. ஒரு தடவை கூட்டிப்போனேன், குலுக்கலில் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள்.

டொக்டர் இன்று என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதை எழுத எனக்கு இன்னும் கை பழகவில்லை. நிலுக்ஷி சொல்லுவாள்.

முஸ்தாக்கிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடு. அதிக காலம் கேட்கவில்லை. அம்மாவை ஏற்றி இறக்கும் வேலை இருக்கும்வரை கார் என்னிடம் இருக்கட்டும். அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கொடு. தனியாகப் போக எனக்கு ஊர் எதுவும் இல்லை.

லீவு கேட்டுப் பார் மகனே. மாதா உன்னைப் பத்திரமாகவும் சீக்கிரமாகவும் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
பிலிப்பு