பத்தியம் இருக்காமல் கொடுக்கும் ரத்தம்

அக்கா, பெரிய செய்தி, உங்கள் தம்பி ஞாயிற்றுக்கிழமை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க ஒத்துக்கொண்டார், அதுவும் மூன்று மாதச் சராசரி பார்க்கிற பரிசோதனைக்கு, இரண்டு நாள் பத்தியம் எதுவும் இருக்காமல்!

இன்று காலை சைகோனின் தூ டுக் பகுதியில் என் அலுவலகத்துக்குக் கீழே தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை. ‘சே’ என்கிற இந்த ஊர் இனிப்பை விற்கிற அம்மா அடுப்பைப் பற்றவைத்திருந்தார். பயறும் தேங்காய்ப்பாலும் ஐசும் போட்ட அந்தக் கிண்ணத்தோடு சோலோன் பக்கம் உங்கள் துணிக்கடை வாசலில் நின்று நீங்கள் லைவ் வருவீர்கள். சென்னையிலிருந்து வேலைக்கு வந்து, பேச ஆளில்லாமல் கிடந்த எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் தமிழ் உங்கள் காரைக்கால் தமிழ்தான். ஒரு லைவைக்கூட நான் விட்டதில்லை.

"இன்னும் ஒரு கிண்ணம், யாரும் திட்டாதீங்க புள்ளைங்களா" என்பீர்கள். திட்டத்தான் செய்தார்கள். வாயைக் கட்டத் தெரியாதா என்று கமெண்டில் கேட்டார்கள். வீட்டிலும் அதே பேச்சு, டாக்டரிடமும் அதே பேச்சு.

அதனால்தான் அந்தத் தந்திரம். டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு நாள் வேகவைத்த கீரையும் வெள்ளரிக்காயும் மட்டும். வெறும் வயிற்றில் எடுத்த அளவு இறங்கியிருக்கும், டாக்டர் பாராட்டுவார், வெளியே வந்ததும் கரும்புச்சாறு. மூன்று மாதச் சராசரியை மட்டும் தள்ளிக்கொண்டே போனீர்கள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அது பொய் சொல்லாதுல்ல புள்ள. அப்புறம் எல்லாரும் என்னய ஒரு மாதிரி பாப்பாங்க."

கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் அந்த எண் வெளியே வந்தது. அப்போது நேரம் கடந்திருந்தது. உங்கள் கடைசி வீடியோவுக்குக் கீழே யாரோ 'தின்றே போய்ச் சேர்ந்தாள்' என்று எழுதினார்கள். எனக்கு வந்த கோபத்தில் படிக்க உட்கார்ந்தேன்.

நான் கணினி படித்தவள், உயிரியல் பள்ளிக்கூடத்தோடு சரி. இலவச வகுப்புகளும் ஆராய்ச்சிக் கட்டுரைகளுமாகத் தட்டுத்தடுமாறிப் புரிந்துகொண்டது இது. ஒரே கிண்ணம் இனிப்பு எல்லார் மூளையிலும் ஒரே மாதிரி பேசுவதில்லை. டோபமைன் போன்ற வேதிப்பொருட்கள் இன்னும் வேண்டும் என்று தூண்டுகின்றன, வேறு சில போதும் என்கின்றன. அந்தச் சேதிகளை வாங்கும் ஏற்பிகள் எப்படி அமையும் என்பது மரபணுவில் இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இப்படிச் சின்னச் சின்ன வேறுபாடுகள் பல சேர்ந்தால் ஒருவருக்குப் பசி சத்தமாகவும் போதும் என்பது மெதுவாகவும் கேட்கலாம். உடம்பு எடைக்கும் சர்க்கரைக்கும் சாயலாம். சாய்வைத் தலையெழுத்து என்று யாரும் நிரூபிக்கவில்லை. முன்னாலேயே தெரிந்தால் முட்டுக் கொடுக்க முடியும்.

நேற்று மாலை கடைக்குப் போனேன். உங்கள் தம்பி வெள்ளரிக்காய்த் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஞாயிறு பரிசோதனை என்றதும் பத்தியத்தை ஆரம்பித்துவிட்டார், உங்களைப் போலவே. நான் படித்ததை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன். அப்பா விட்டுப்போன சொத்தில் ஊரில் இருந்த கடையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார், பசி மட்டும்தான் தனக்கு வந்ததா என்று கேலி செய்தார். அப்புறம் துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அக்கா மேல தப்பில்லியா?"

"இல்லண்ணே. அவங்களுக்கு நம்மளவிடக் கஷ்டமா இருந்திருக்கலாம். மறைச்சா டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?"

மடித்த துணியை அடுக்கில் வைத்தார். பிறகு வெள்ளரிக்காயைத் தள்ளிவைத்தார்.

"பெருசா வந்துச்சுன்னா எங்க அம்மாகிட்ட நீதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். சொல்வேன், அக்கா. உங்களுக்காகக் கோபப்படத் தொடங்கியவள், அந்தக் கோபத்தை இப்போது இப்படித்தான் சுமக்கிறேன்.

இதை உங்கள் பக்கத்திலேயே போட அண்ணன் சம்மதித்தார். ஆகவே சைகோனில் இருக்கிற தமிழர்களுக்கு: ஞாயிறு காலை அக்கா கடை வாசலில் கூடி, பக்கத்துக் கிளினிக்குக்குச் சேர்ந்து போகிறோம். மூன்று மாதச் சராசரிக்கு வெறும் வயிறு தேவையில்லை. எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். எந்த எண் வந்தாலும் அங்கே யாரும் யாரையும் திட்டப் போவதில்லை. வருகிறவர்கள் கீழே எழுதுங்கள். டாக்டரிடம் போக வெட்கப்படுகிற ஒருவரை உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அவருக்கு இதை அனுப்புவதோடு நிற்காமல், வண்டியில் பின்னால் உட்காரவைத்து நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள்.