செருப்பில்லாமல் பாரிஸ்

செவ்வாய்க்கிழமை

நெடுநேரம் யோசித்து, பாரிஸுக்குச் செருப்பில்லாமல் போவதென்று இன்று தீர்மானித்தேன். மகன் அங்கிருந்து அனுப்பிய மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடத்திலேயே சுற்றிவந்தேன். ஒரு தேவாலயத்தின் வரலாற்றைக் கேட்டபடி மேசையில் முட்டிக்கொண்டேன்.

போனில் மகன் கேட்டான்: "எப்படிப்பா இருக்கு?"

"நேர்ல வந்த மாதிரியே இருக்குடா. இனிமே டிக்கெட் எதுக்கு?"

நான் கேலி பேசுவது முகத்தில் தெரியாது. குரலிலும் தெரியவில்லை போலிருக்கிறது.

"உங்க மருமகளும் அதைத்தான்பா சொல்றா," என்றான் நிம்மதியாக.

அடுத்த மாதம் பாரிஸ் போய்ப் பேத்தியை முதன்முதலாகத் தூக்கப்போகிற என் மனைவி ஸ்டெல்லா, பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லுங்க," என்றாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏழு மணிக்கு, எங்களுக்கு எடுத்திருந்த இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான்.

ஸ்டெல்லா கண்ணாடியைக் கையில் எடுத்து, "இதுல பாப்பா தெரியுமா?" என்று கேட்டாள்.

அதில் கட்டடங்கள் மட்டுமே இருக்கின்றன.