ஒரு நூல் மெல்லிசாக

9 ஜனவரி 1936, வியாழன்

காலையில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு இஸ்திரி போட்டேன். பச்சைத் துணியில் சூட்டை ஒரே திசையில்தான் தள்ள வேண்டும். எதிர்த்து இழுத்தால் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது.

சாயங்காலம் செக்ரட்டரி ஹாக்கின்ஸ் துரையோடு ஆட்டம். அவர் நூறு, நான் 93. பாதி ஆட்டத்தில் பந்தடிக்கிற கியூ கோல் கோணல், மேசை சாய்வு என்று பழித்துக்கொண்டே இருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்புறம் நான் விட்டுக்கொடுத்தேன், கியூ நேராகிவிட்டது.

மார்க்கர் வேலை என்றால் பந்தை எடுத்து வைக்கணும், எண்ணிக்கை சொல்லணும், துணையில்லாத துரைக்குத் துணையாக ஆடணும், கடைசியில் தோற்கணும். ரொம்பவும் தோற்கக் கூடாது. ஏழு எட்டு எண்ணிக்கைக்குள் தோற்றால்தான் துரைக்கு வேர்த்து ஜெயித்த மாதிரி இருக்கும். தொண்ணூறு தாண்டியதும் சிவப்புப் பந்தை ஒரு நூல் மெல்லிசாகத் தொடுவேன். பந்து மேசை ஓரத்துப் பாக்கெட் குழியின் வாயை உரசிவிட்டு நின்றுவிடும். 'பேட் லக், மார்க்கர்' என்பார்கள். பதினெட்டு வருஷமாக எனக்கு பேட் லக்.

21 ஜனவரி, செவ்வாய்

லண்டனில் ராஜா மவுத்தாகிவிட்டார். கிளப்பை மூன்று நாள் மூடச் சொல்லிவிட்டார்கள்.

23 ஜனவரி

மூடின கதவுக்குள் தனியாக ஆடினேன். வெள்ளைப் பந்து சிவப்பில் எவ்வளவு படுகிறது — பாதியா, முக்காலா, காலா — குறி என்பது அவ்வளவுதான், மற்றதெல்லாம் அலங்காரம். இன்று பாதி என்றால் பாதி, கால் என்றால் கால். விடாமல் ஒரே மூச்சில் எழுபத்து நாலு. யாரும் பார்க்கவில்லை. கிளப்புக்குப் பின்னால் வேலையாட்கள் லைன் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரி ரஷீதாவிடம் சொன்னேன். எழுபத்து நாலு என்ன, மல்லு வேட்டி நூல் கணக்கா என்று கேட்டாள். இருந்தாலும் எனக்கு ஒரு முட்டை அதிகமாகப் பொரித்தாள்.

30 ஜனவரி

கிளப்புக்குப் புதிதாக ஒரு தமிழர் மெம்பர் ஆகியிருக்கிறார். இதுதான் முதல் தடவை. டாக்டர் அருள்நாதன். பட்டாளத்தில் மேஜராக இருந்து வந்தவர், மேலப்புலிவார் ரோட்டில் டிஸ்பென்சரி வைத்திருக்கிறார். மேலே கவர்னர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்ததால் மறுக்க முடியவில்லையாம்.

அவர் உள்ளே வந்ததும் ரெண்டு துரைகள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். அவர் கண்டும் காணாதது போல் கோட்டைக் கழற்றி மாட்டினார். என்னிடம், 'உங்க பேரு என்னங்க?' என்று கேட்டார். இந்த ரூமில் என் பேரை யாரும் கேட்டதில்லை. ஜெகபர் சாதிக் என்றேன்.

ஆடினோம். நல்ல கை. நூறுக்கு 92 என்று வழக்கம்போல் தோற்றேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

பிடிபட்டேன்.

டாக்டரோடு இது நாலாவது ஆட்டம். ரூமில் வேறு யாரும் இல்லை. முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தார். நான் தவறவிட்ட பந்துகளையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார்!

'தெரியாம தப்பு விடுறவன் ஒரு தடவை தடிப்பாத் தொடுவான், ஒரு தடவை மெல்லிசாத் தொடுவான்' என்றார். 'நீங்க பதினோரு தடவையும் மெல்லிசு. பதினோரு தடவையும் தொண்ணூறுக்கு மேல.'

நான் சாக் கட்டியை எடுத்துக் கியூ நுனியில் தேய்த்துக்கொண்டே நின்றேன். மரியாதைக்காகத்தான் சார் என்று ஏதோ சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

'சாதிக் பாய், இங்க வெள்ளைக்காரங்க யாரும் என்கூட ஆட மாட்டேங்கிறாங்க. ஆடுறவர் நீங்க ஒருத்தர்தான். நீங்களும் பொய்யா ஆடினா, நான் இந்த வாசப்படி எதுக்கு ஏறணும்?'

இனிமேல் நேராக ஆடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ரஷீதாவிடம் சொன்னதற்கு, கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு, ஒங்க புளுகு பதினெட்டு வருஷம் தாங்கிச்சே, அதுக்கே அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்க என்றாள்.

18 பிப்ரவரி

வாக்குக் கொடுத்தாயிற்று, கை கேட்க வேண்டாமா? 89 வரைக்கும் ராஜா மாதிரி ஆடினேன். தொண்ணூறு தாண்டியது, மெல்லிசு. அடுத்ததும் மெல்லிசு. சத்தியமாக வேணும்னு விடலை. டாக்டர் என் கையைப் பார்க்காமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் சொன்னார்: அடிக்கப் போகும் முன்னால் நான் பந்திலிருந்து கண்ணை எடுத்து எதிராளி முகத்தை ஒரு தடவை பார்க்கிறேனாம். அப்போது தலை தூக்குகிறது, தோள் அசைகிறது, கியூ விலகிவிடுகிறது.

அட, ஆமாம். துரை ஜெயிக்கிற மனசில் இருக்கிறாரா, போகட்டும் என்கிற மனசில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தானே இத்தனை வருஷமும் கடைசிப் பந்தை அடித்தேன்! எனக்கே தெரியாமல் இது உடம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

19 பிப்ரவரி

காலையில் தனியாக. எதிரே காலி நாற்காலி. அதையும் நிமிர்ந்து பார்க்கிறேன். என்ன ஜென்மம் இது?

27 பிப்ரவரி

செக்ரட்டரி துரை கூப்பிட்டு அனுப்பினார். மார்ச் ஏழாம் தேதி சனிக்கிழமை ஐந்து மணிக்கு மெம்பர்கள் எல்லோரும் பார்க்க எனக்கும் டாக்டருக்கும் நூறு எண்ணிக்கை ஆட்டம். நீ ஜெயிக்க வேண்டும் என்றார். எத்தனை தடவை கேட்டும் காது நம்பவில்லை. துரைகளிடம் தோற்கிற மார்க்கரிடம் டாக்டர் தோற்றார் என்றால் அப்புறம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார், தானாக நின்றுவிடுவார் — இதுதான் கணக்கு. ஜெயிக்காவிட்டால் வேலையும் கிடையாது, லைன் வீடும் கிடையாது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டாக்டரிடம் போய் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவங்க எதுக்கு வேணா கூப்பிடட்டும், நாம நேரா ஆடுவோம், நேரா ஆடித் தோத்தா எனக்கு ஒரு அவமானமும் இல்ல என்றார். போகும்போது திரும்பி நின்று, மூஞ்சியை மட்டும் பாக்காதீங்க என்றார்.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஜெயிக்கச் சொல்லி ரெண்டு பேர் கேட்கிறார்கள். எனக்கு வேற என்ன வேணும்?

5 மார்ச், பக்ரீத்

ஈத் தொழுகை முடித்து நத்தர்ஷா தர்காவுக்குப் போய் வந்தோம். என்ன துஆ கேட்டீங்க என்று ரஷீதா கேட்டாள். கழுத்து நிமிராம இருக்கணும்னு கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. இந்த ரெண்டு ரூமும் கிணறும் போனா எங்க போவோம் என்றாள். ஜெயித்தால் போகாது என்றேன். அப்ப ஜெயிங்களேன், அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க என்றாள்.

7 மார்ச், சனி

எப்படி எழுத.

ரூம் நிறைய துரைகள், ரெண்டு துரைசானிகள். டாக்டர் இன்று ஆடின மாதிரி என்றும் ஆடினதில்லை. நானும்தான். பொய் இல்லாமல் ரெண்டு பேரும் ஆடினோம். அறுபது வரைக்கும் முன்னும் பின்னுமாகவே போனது. வாயைத் திறக்காத துரைகள்கூட ஒருதரம் கை தட்டினார்கள். என் ஆட்டம் இப்படித்தான் இருக்குமா என்று எனக்கே அதிசயமாக இருந்தது. தொண்ணூறு தாண்டினேன், நிமிரவில்லை. 94. நிமிரவில்லை. 97.

அவர் 91. எனக்கு ஒரே பந்து பாக்கி, சிவப்பைப் போட்டால் மூன்று எண்ணிக்கை. சிவப்பு நடு பாக்கெட்டுக்கு எதிரே, பாதிப் பந்து குறி. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பந்து. குனிந்தேன். அப்போது டாக்டர் இருமினார். வேறொன்றுமில்லை, சும்மா ஒரு இருமல்.

பார்த்துவிட்டேன்.

நெற்றியெல்லாம் வேர்வை. உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். சுற்றிலும் அத்தனை வெள்ளை முகம், நடுவில் அவர் ஒருத்தர். அவ்வளவுதான் பார்த்தேன். கை போய்விட்டது. மெல்லிசு. ஒரு நூல். சிவப்பு பாக்கெட் வாயில் போய் நின்றது.

அடுத்து அவர் முறை. ஊதினால் விழுகிற பந்து. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கியூவைச் சுவரில் மாட்டினார். கோட்டைப் போட்டுக்கொண்டார்.

'நல்ல ஆட்டம், மார்க்கர்' என்றார்.

மார்க்கர்.

போயிட்டாரு. துரைங்க சிரிச்சாங்க, தோக்கப் பயந்து ஓடிட்டான்னு. நான் வேணும்னு பண்ணலைன்னு கத்தணும் போல இருந்திச்சு. ஆனா வேணும்னுதான் பண்ணினேனா? பாவம்னு தோணிச்சா? மரியாதையா? பழக்கமா? யா அல்லாஹ், என் கையப் பத்தி எனக்கே தெரியல.

8 மார்ச்

சோறு இறங்கவில்லை.

12 மார்ச்

டாக்டர் ராஜினாமா அனுப்பிவிட்டார். செக்ரட்டரி துரைக்கு ஏக சந்தோஷம். ஜெயிப்பதைவிட இது நல்ல தந்திரம், பிழைக்கத் தெரிந்தவன் நீ என்று என் முதுகில் தட்டினார். தன்னுடைய பழைய கியூவை எனக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மரம், நல்ல எடை. வாங்கிக்கொண்டேன். சலாமும் வைத்தேன். வீட்டுக்கு வந்து அதைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, ரெண்டு தடவை கை கழுவினேன்.

15 மார்ச்

டிஸ்பென்சரி வரைக்கும் போனேன். வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். என்னவென்று சொல்வது? கை தானாகப் போச்சு என்றால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்புவேனா?

20 மார்ச்

தினமும் விடிந்ததும் ஒரு மணி நேரம். சுவரில் ராஜா படம் மாட்டியிருக்கிறது, அதை எதிராளி என்று வைத்துக்கொண்டு குனிகிறேன். இன்று இருபது தடவையில் ஒரு தடவைகூட நிமிரவில்லை.

வேலை போனாலும் பரவாயில்லை என்று மனசில் இருப்பதை ரஷீதாவிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, எங்க அண்ணன் ஜமாலுக்குத் தோல் மண்டியில ஆள் வேணும்னு போன மாசமே சொல்லிச்சு, ஒங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்திச்சு என்றாள்.

27 மார்ச், வெள்ளி

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தேன். நாலரை மணிக்கு செக்ரட்டரி துரை ஆட வந்தார். அவர் கொடுத்த கியூவாலேயே ஆடினேன். 88. 91. 94. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். 97. ஏழாம் தேதி நின்ற இடம்தான். வேண்டுமென்றே தொண்டையைக் கனைத்தார். நான் பந்தையே பார்த்தேன். பாதி என்றால் பாதி.

நூறு. அவர் 64. எண்ணிக்கைப் பலகையில் முள்ளை நானே நகர்த்தினேன், அது மார்க்கர் வேலை. இன்னொரு ஆட்டம் என்றார். அதிலும் நூறு, அவர் 51. அவர் முகம் எப்படி இருந்தது என்று ரஷீதா கேட்டாள். பார்க்கவில்லை என்றேன்.

28 மார்ச்

ஒண்ணாம் தேதிக்குள் காலி பண்ணச் சொல்லி பட்லர் வந்து சொன்னான். சாவியைக் கொடுத்தேன். கியூவையும் கொடுத்தேன்.

2 ஏப்ரல், வியாழன்

தோல் மண்டியில் ரெண்டாம் நாள். நாற்றம் பழகவில்லை. மத்தியானம் உத்தரவு கேட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன், இந்தத் தடவை நோயாளி வரிசையில் உட்கார்ந்தேன். தோள் வலி என்று சீட்டில் எழுதச் சொன்னேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். வலது கையைத் தூக்கினார், மடக்கினார், முழங்கையை அழுத்தினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், 'வெள்ளிக்கிழமை செக்ரட்டரி துரையோட ஆடினேன் சார். நூறுக்கு அறுபத்து நாலு.'

'யாருக்கு நூறு?'

'எனக்கு.'

கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கே வேலை என்று கேட்டார். மண்டியில் என்றேன். வாடை அவருக்கு முன்னமே தெரிந்திருக்கும். ஏழாம் தேதியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

'இந்தக் கையில ஒரு கோளாறும் இல்ல, சாதிக் பாய்' என்றார்.

மருந்து எழுதவில்லை. வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு மண்டிக்குத் திரும்பினேன்.