எட்டு வீட்டுத் தட்டு

லிங்கராஜபுரம், பெங்களூரு
வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி

அன்பு மகள் லாவண்யாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய் வருவாய் என்று நம்புகிறோம். எங்கள் ஆறு கண்களில் ஐந்து முழுச் சுகம். ஆறாவதன் சமாசாரம் கீழே வருகிறது.

அக்கா, கடைசி இரண்டு வரிகள் அப்பா சொன்னவை இல்லை, நான் நுழைத்தவை. இன்று கடிதம் சொல்வது அப்பா, எழுதுவது ரோஹன். காலையில் கண் ஆஸ்பத்திரியில் சோதனைக்காக அவருக்குச் சொட்டு மருந்து விட்டார்கள், சாயங்காலம் வரை கிட்டத்தில் இருக்கும் எழுத்தெல்லாம் அவருக்கு எறும்புக் கூட்டம். இராஜமாணிக்கம் என்ற பெயருக்கு ஏற்றபடி நாற்காலியில் ராஜா போல உட்கார்ந்திருக்கிறார், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் மாணிக்கச் சிவப்பு. உன் வார்டில் வேலை செய்யும் மமதா அக்கா லீவு முடிந்து இன்று கிளம்புகிறார், ஐந்து மணிக்கு அல்சூரிலிருந்து வந்து உன் பார்சலை வாங்கிக்கொள்வார், அதற்குள் இது முடிய வேண்டும். போனில் பேசலாமே என்பாய். கடிதம் இல்லாத பார்சல் வெறும் சாமான் என்பது அப்பாவின் கட்சி, உனக்கே தெரியும். "பவர் கொஞ்சம் மாத்தினாங்க, வேற ஒண்ணும் இல்லன்னு எழுதுடா" என்று இப்போதுதான் சொன்னார். எழுதிவிட்டேன், பார். அவர் சொன்னதையும் எழுதுவேன், நடந்ததையும் எழுதுவேன், இன்றைக்குத்தான் அவரால் சரிபார்க்க முடியாதே.

மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பா வேலை செய்யும் பீன்யா கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள், அப்பாவுக்குச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பதைத் தாண்டிவிட்டது என்பது வரை உனக்குச் சொன்னோம். டாக்டர் கலோரியைப் பார்த்து வாங்கச் சொன்னார். அப்பாவும் பார்த்துத்தான் வாங்கினார். இருபத்திரண்டு வருடமாக ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறவர், போல்ட் தலையில் நம்பர் கூட இருந்தால் தரம் கூட என்று பழகிய கை. சூப்பர் மார்க்கெட்டில் ஒரே விலைக்கு நானூறு கலோரி போட்ட பிஸ்கட்டும் ஐந்நூற்று இருபது போட்ட பிஸ்கட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, ஏமாறக் கூடாது என்று ஐந்நூற்று இருபதைக் கூடையில் போட்டார். கலோரியைக் கல்லூரி கட்-ஆஃப் என்று நினைத்துவிட்டார், அக்கா. அவல் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்து "இதுல ஒண்ணுமே இல்ல" என்று திரும்ப வைத்த மனிதர் அவர். இரண்டு வாரம் வேளை தவறாமல் தின்றோம். நான்தான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துச் சொன்னேன், ஆனால் இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன், பிஸ்கட் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டார். சர்க்கரை டப்பா எதிர்வீட்டு லட்சுமம்மா ஆன்ட்டி வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது. அரிசி பாதி, சாமை பாதி. இரவில் ராகிக் களி. எண்ணெயைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தவர் இப்போது டீஸ்பூனால் அளக்கிறார், தோசை கல்லைவிட்டு வர மாட்டேன் என்று அழுகிறது. எந்த நேரமும் மூன்று பாத்திரத்தில் ஏதாவது ஊறிக்கொண்டிருக்கிறது, பாசிப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, வெந்தயம், அசையாமல் நின்றால் என்னையும் ஊறவைத்து முளைகட்டிவிடுவார். நான் செய்த சேவை ஒன்றும் உண்டு. அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் மிக்சர் டின்னில் கை விடுவார், அம்மாவுக்கு அது தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தினம் ஒரு கைப்பிடி மிக்சரை எடுத்துவிட்டு ஒரு கைப்பிடி பொரியும் வறுத்த பொட்டுக்கடலையும் மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் போட்டு வைத்தேன். மூன்றாவது வாரம் டின் முழுக்கப் பொரி. "இந்தக் கடைக்காரன் இப்பல்லாம் எண்ணெயே இல்லாமப் பண்றான், நல்லாத்தான் இருக்கு" என்று அப்பா என்னிடமே சொன்னார். எடுத்த மிக்சரை வீணாக்க முடியுமா, நான்தான் தின்றேன். அப்பாவின் டயட்டில் இரண்டு கிலோ ஏறியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

உன் பார்சலிலும் அதே சாமான்கள்தான். இரண்டு கிலோவுக்கு மேல் தாங்காது என்று மமதா அக்கா சொன்னதால் அம்மா நான்கு தடவை நிறுத்து நிறுத்துக் குறைத்தார். ராகி மாவு ஒரு கிலோ, முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் வைக்க வேண்டுமாம், கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டும், அதைக் கல் என்று நினைத்து யார் மேலாவது எறிந்துவிடாதே. வறுத்த கொண்டைக்கடலை அரைக் கிலோ, டூட்டியில் பசித்தால் மெஷினில் காசு போட்டு சிப்ஸ் வாங்காமல் இதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், இது அம்மா உத்தரவு. மீதி பாசிப்பருப்பு. பொரி அனுப்பவில்லை, எடையே இல்லை, ஆனால் இடம் முழுக்க அடைத்துக்கொள்கிறது, நம் சித்தப்பா சோபாவில் உட்கார்ந்த மாதிரி.

இனி விஷயம். வாரத்தில் ஆறு நாள் அம்மா இறக்கும் சர்க்கரையைச் சனிக்கிழமை ஒரே தட்டு ஏற்றிவிடும். நம் ஏரியா ஜெபக்கூட்டம் உனக்கு மறந்திருக்காது. எட்டு வீடு, வாரத்துக்கு ஒரு வீடு, ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு தட்டு. ஒரு ஸ்வீட், ஒரு காரம், வாழைப்பழம், காபி. முன்பெல்லாம் பிஸ்கட்டும் டீயும்தான், ஒருவர் வடை போட, அடுத்தவர் வடையோடு கேசரி போட, இப்போது கல்யாணப் பந்திக்கு ஒரு படிதான் குறைச்சல். அப்பா ஒரு தட்டையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அம்மா கேட்டால், "அவங்க காலையிலருந்து நின்னு செஞ்சிருப்பாங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது சாந்தி" என்பார். தட்டைத் துடைத்துவிட்டு வந்து படுக்கும்போது மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வார், பாவத்துக்கும் பாவமன்னிப்புக்கும் ஒரே தண்ணீர்.

மூன்று சனிக்கிழமைக்கு முன்னால் நம் வீட்டு முறை வந்தது. அம்மா துணிந்து முடிவு செய்தார். பட்டாணிச் சுண்டல், மோர், அப்புறம் லட்சுமம்மா ஆன்ட்டி சொல்லிக்கொடுத்த கோசம்பரி, ஊறின பாசிப்பருப்பில் வெள்ளரியும் கொஞ்சம் தேங்காயும் எலுமிச்சையும் போட்டுக் கலந்து ராமநவமிக்கு நமக்கும் கொடுத்தனுப்புவாரே, அது. அப்பா பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஜெபக்கூட்டமா ராமநவமியா" என்று கேட்டார். எதிர்ஜன்னலிலிருந்து ஆன்ட்டி, "எரடக்கூ ஆகுத்தெ" என்றார், இரண்டுக்கும் ஆகும் என்று. அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவர், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து மாடிப்படிக்குக் கீழே கயிறு கட்டின அட்டைப்பெட்டி ஒன்றை ஒளித்து வைத்தார். ஒளித்து வைத்தால் என் மூக்கு சும்மா இருக்குமா. முப்பது போண்டா, முப்பது ஜாங்கிரி. அப்போது எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது அக்கா. போண்டாவையும் ஜாங்கிரியையும் என் நண்பன் ஷ்ரேயாஸ் வீட்டுக்குக் கொண்டுபோனேன், எங்கள் கிரிக்கெட் டீம் பத்தே நிமிடத்தில் ஆல் அவுட் ஆக்கியது. பெட்டியில் வெள்ளரிக்காய் அடுக்கி, அதே முடிச்சாகப் போட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

ஜெபம் முடிந்தது, அம்மா சுண்டல் தட்டைக் கொண்டுவந்தார், அப்பா "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துவந்து, கூட்டத்தை நடத்தும் ஜெயசீலன் அங்கிளுக்கு முன்னால் வைத்துக் கயிற்றை அறுத்தார். எட்டு வெள்ளரிக்காய், பாடகர் குழு மாதிரி வரிசையாக. ஜெயசீலன் அங்கிள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "என்ன இராஜமாணிக்கம், அறுப்பின் பண்டிகைக்கு முன்னாலயே சர்ச் காய்கறி ஏலத்தை ஆரம்பிச்சிட்டியா" என்று கேட்க, வீடே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். கோசம்பரியை இரண்டு பேர் மறுபடி கேட்டு வாங்கினார்கள், ஓர் ஆன்ட்டி மட்டும் செருப்பு மாட்டும் வரை சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு அப்பா அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனேன். "ஏழு வீட்டுலயும் கை நீட்டி வாங்கித் தின்னவன்டா நான். என் வீட்டுக்கு வந்தவங்களைச் சும்மா அனுப்பிட்டேன்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் மற்ற வீடுகளில் இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினார், நான் கஞ்சன் இல்லை, சாப்பாட்டை மதிக்கிறவன் என்று எல்லோருக்கும் காட்டுகிற மாதிரி. அம்மா என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

இன்று காலை அம்மாவுக்கு ராகி அரைக்க மில்லில் முறை, அதனால் ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போனேன். டாக்டரம்மா வெகு நேரம் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், இடது கண்ணில் பின்பக்கம் ரத்தக் குழாய் கசிய ஆரம்பித்திருக்கிறது, சர்க்கரை இறங்கினால் இப்போதைக்கு மருந்தும் கவனமும் போதும், மூன்று மாதத்தில் இறங்கவில்லை என்றால் ஊசி போட வேண்டியிருக்கும், விட்டுவிட்டால் பார்வை போன பிறகு திரும்பாது. "ஊசி கண்ணுக்குள்ளயா" என்று அப்பா கேட்டார். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. ஆட்டோவில் வெயில் கூசியதால் கண்ணை மூடிக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். அக்காவுக்கு வேணாம்டா, ஊசி போடுற பிள்ள, கை நடுங்கும்" என்றார். அம்மாவிடம் வீட்டுக்கு வந்ததுமே சொல்லிவிட்டார். அந்தக் கசிவில் என் வெள்ளரிக்காய்க்கு எவ்வளவு பங்கு என்று டாக்டரம்மாவிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

இதுவரை எழுதியபோது அப்பா, "என்னடா இவ்வளவு நேரம், நான் சொன்னது பத்து வரிதானே, படி கேப்போம்" என்றார். இதற்கென்று ஒரு பத்து வரி மனதில் தயாராக வைத்திருந்தேன், எல்லோரும் சுகம், பவர் மாறியது, மழை இல்லை, ஆமென். வாயைத் திறந்தேன், அது வரவில்லை. எழுதியிருந்ததையே முதலிலிருந்து படித்தேன், பொரி டின் உட்பட. கறுப்புக் கண்ணாடி போட்டவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று எப்படித் தெரியும். கடைசி வரி வரை படித்து முடித்தேன். பிறகு, "பீன்யா கேன்டீன்ல நாலு மணிக்கு பன் பட்டர் ஜாம், தினமும். அதை விட்டுட்ட, சேர்த்துக்கோ" என்றார். சேர்த்துவிட்டேன் அக்கா. இது எனக்கே தெரியாது.

அப்புறம் இன்னொன்று சொன்னார். கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கேட்பார்களே, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று. உன் விசாவுக்குச் சொல்லியிருக்கிறார், என் கணக்குப் பரீட்சைக்குச் சொல்லியிருக்கிறார், தன் சர்க்கரையை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. ஏனென்றால் சொன்ன நிமிடத்திலிருந்து அது எட்டு வீட்டுச் சொத்து. தட்டு நீட்ட மாட்டார்கள், நீட்டினாலும் பாதியாக்கி நீட்டுவார்கள், வழியில் பார்த்தால் இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். "சனிக்கிழமை ஜெயசீலன் வீட்டுல என் கண்ணைச் சொல்லப் போறேன்னு எழுது. பேனாவுல எழுது, பென்சில் வேணாம்" என்றார். பேனாவால்தான் எழுதுகிறேன் என்று சொன்னேன். "அப்ப சரி" என்று கண்ணாடியைக் கழற்றி, துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார், மருந்தாக இருக்கலாம். நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, வெள்ளரிக்காய்க்கு மன்னிப்புக் கேட்டேன். "இப்ப வீட்டுல ஒண்ணு இருந்தா நறுக்கி உப்பு போட்டுக் கொண்டா, பசிக்குது" என்றார். இனி வருவது அப்பா சொல்லச் சொல்ல எழுதியது, ஒரு சொல்லும் நான் நுழைக்கவில்லை.

மகளே, பயந்து லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, டிக்கெட்டுக்குப் பணத்தைக் கொட்டாதே. மூன்று மாதம் கழித்து ரிசல்ட் எப்படி வந்தாலும் மறைக்காமல் சொல்வேன். என் ரத்தம்தான் உனக்கும் ஓடுகிறது, அதனால் வருகிற மாதம் நீயும் சர்க்கரை பார்த்துக்கொண்டு நம்பரை அனுப்பு, மறக்காதே. உன் தம்பி செய்தது தப்பு, ஆனால் அந்தப் பொரி நன்றாக இருந்தது, செய்முறையை அடுத்த பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மமதாவிடம் என் ஸ்தோத்திரம் சொல். கர்த்தர் உன் போக்கிலும் வரத்திலும் கூட இருந்து, கண்மணியாய் உன்னைக் காப்பார்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
இராஜமாணிக்கம்

(கையெழுத்து கோட்டை விட்டு இறங்கியிருக்கிறது அக்கா. இடம் காட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்று அவரே போட்டார். ரோஹன்)