வராத இடைத்தேர்தலை நம்பித் திருப்பி அனுப்பிய சிற்றுந்து

அனுப்புநர்
வெ. சென்னகிருஷ்ணன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தொட்டகுட்டை, கெலமங்கலம் வழி.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: சிற்றுந்து வேண்டாம் என்று எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஜூலையில், கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களின் காலை ஷிப்டு நேரத்துக்கு எங்கள் ஊருக்குள் சிற்றுந்து விடத் தங்கள் அலுவலகம் முன்வந்தது. வண்டி திரும்ப இடம் தர விவசாயி பெரியதம்பி ஒப்புக்கொண்டார். ஊராரின் சம்மதக் கடிதம் மட்டுமே பாக்கி.

2. அந்த வாரம் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் காலமானார். துக்கம் கேட்கப் போன வீட்டு வாசலிலேயே நான் மாதங்களை எண்ணினேன். எழுதவே கூசுகிறது. காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வரும், அப்போது தார்ச்சாலையும் அரசுப் பேருந்துமே கேட்கலாம், சிற்றுந்து எதற்கு என்று ஊர்க் கூட்டத்தில் பேசினேன். மறுப்புக் கடிதத்தை நானே எழுதினேன். முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்திட்டார்கள்.

3. ஆறு மாதமும் முடிந்தது, தேர்தல் வரவில்லை. சட்டமன்றத்தின் காலம் ஓராண்டுக்கும் குறைவாக மீதமிருந்தால் அந்த ஆறு மாத விதி பொருந்தாது என்பதைத் தாலுகா அலுவலக எழுத்தர் சொல்லித்தான் அறிந்தேன். வகுப்புத் தலைவன் ஜூனில் வேறு பள்ளிக்குப் போனால் இன்னொருவனைத் தேர்ந்தெடுப்போம். பிப்ரவரியில் போனால் அப்படியே விட்டுவிடுவோம். முப்பத்தொரு ஆண்டுகள் இதைச் செய்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

4. எங்கள் ஊர்ப் பெண்கள் பத்தொன்பது பேர் கம்பெனி வண்டியைப் பிடிக்க விடியுமுன் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள். நவம்பரில் அப்படி நடந்துபோன முனிலட்சுமி மீது பைக் மோதிக் கால் எலும்பு முறிந்தது. பார்க்கப் போனேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டோம் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு எனக்குக் காபி வைக்கச் சொன்னார்.

5. விரைவில் அவருக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். பிப்ரவரி முடியும்வரைதான் கம்பெனி அவர் வேலையை வைத்திருக்கும். அந்தக் காலோடு அவ்வளவு தூரம் நடக்க இயலாது.

அந்தச் சிற்றுந்து இப்போது பக்கத்து ஊருக்குப் போகிறது. அவர்களிடமிருந்து எடுத்துத் தரும்படி கேட்கவில்லை. காலை ஐந்தேகால் நடையை மட்டும் எங்கள் ஊர்வரை நீட்டித்துத் தரப் பணிவுடன் வேண்டுகிறேன். முதல் மறுப்பு என் தவறு, ஊராருடையது அல்ல என்று கோப்பில் குறித்துக்கொள்ளவும் வேண்டுகிறேன்.

சம்மதக் கடிதம் இணைத்துள்ளேன். இம்முறை ஒவ்வொருவரையும் படிக்கச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்கினேன். முனிலட்சுமி இரண்டு முறை படித்தார்.

இடம்: தொட்டகுட்டை
நாள்: 19.01.2026

இப்படிக்கு,
வெ. சென்னகிருஷ்ணன்