படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள்

காயல்பட்டினம்
6.5.2024

அன்புள்ள மஹ்மூது காக்காவுக்கு, ஸலாம்.

போனில் கேட்டால் அதட்டுவீர்கள், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். நம் ஆஸ்பத்திரியின் நிர்வாகப் பயிற்சிக்கு துபாயில் உள்ள உங்கள் ஊர்க்காரர் மன்றம் நிதி தருவதில் சந்தோஷம். ஆஸ்பத்திரிப் பொறுப்பாளர் என்ற பெயர்தான் எனக்கு. முதலில் கற்க வேண்டியவளே நான்தான். ஆனால் பயிற்சி நடக்கும் இரண்டு நாளும் எல்லா நர்சுகளும் தூத்துக்குடிக்குப் போய்விட்டால் பிரசவ வார்டை யார் பார்ப்பது? மூத்த நர்சு இன்பமணி, “நான் ஒருத்தியாவது இங்கன இருக்கேன் மேடம்” என்கிறார். அவரை மட்டும் விட்டுவிட்டுப் போகட்டுமா?

உங்கள் மகள் ஆஃபியா நலம். நம் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று அடம். மாங்காய் கேட்டு என் உயிரை எடுக்கிறாள்.

தங்கை
சக்கீனா

துபாய்
9.5.2024

அன்புத் தங்கைக்கு, ஸலாம்.

உனக்கு எதற்கெடுத்தாலும் பயம். இந்த நிதிக்காக ஒவ்வொருவரிடமும் காலில் விழாத குறையாக நின்றிருக்கிறேன். நர்சுகள் எல்லோரும் வந்ததற்கு அத்தாட்சியாகக் குழுப்படம் வேண்டும். ஒரு முகம் குறைந்தாலும் மன்றத்தில் என்னைத்தான் கேட்பார்கள். இன்பமணி கட்டாயம் வரவேண்டும். புதிதாகச் சேர்ந்த உதவிப் பெண்கள் இருவர் சமாளிப்பார்கள், டாக்டரம்மாவும் இருக்கிறாரே.

முதல் பேரப்பிள்ளை. பெயர்கூட யோசித்துவிட்டேன்.

உன் காக்கா
மஹ்மூது

துபாய்
2.7.2024

சக்கீனா,

என் மகளின் அடக்கத்துக்குக்கூட என்னால் வந்துசேர முடியவில்லை. அல்லாஹ்வின் நாட்டம், யாரைச் சொல்லி என்ன? நாற்பது நாள் கழிந்தும் சோறு இறங்கவில்லை. அடுத்த பயிற்சிக்கு ஆஃபியாவின் பெயரையே வைப்பதாக மன்றம் சொல்கிறது. நீதான் நடத்தித் தரவேண்டும். குழந்தையின் படம் அனுப்பு.

மஹ்மூது

காயல்பட்டினம்
10.7.2024

காக்கா,

அல்லாஹ்வின் நாட்டம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மனம் ஆறவில்லை.

பயிற்சியன்று காலை பத்து மணிக்கு ஆஃபியா பெற்றாள். டாக்டரம்மா அடுத்த ஆபரேஷனுக்குப் போய்விட்டார். ரத்தப்போக்கு நிற்கவில்லை. அது அளவுக்கு மீறியது என்று அந்த உதவிப் பெண்களுக்குத் தெரியவில்லை. “இன்பமணி அக்காவ எங்க?” என்று ஆஃபியா மூன்று தடவை கேட்டாளாம். அந்த நேரம் தூத்துக்குடியில் இன்பமணியை நான் குழுப்படத்துக்காக முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். பிறகு படத்தைப் பார்த்து நீங்கள் போன் செய்து, “ஒருத்தர்கூடக் குறையல” என்று மெச்சினீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பொறுப்பாளர் நான். வேலையை விட்டுவிட்டேன்.

பிள்ளை நலம். அவனைப் படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை.

அந்தப் பயிற்சிக்கு ஆஃபியாவின் பெயரை வைக்க விடமாட்டேன். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக உங்களிடம் மறுத்துப் பேசுகிறேன். மே மாதமே பேசியிருந்தால், அவள் இப்போது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

சக்கீனா